லிட்டில் ரிவரிலிருந்து சாண்டி தீவு வரை: உட்கரை நீர்வழியில் பாய்மரப் படகோடு ஒரு நாள்

கழிமுகத்தாள் எழுதியது:

வடக்கே குளிர் இறங்கத் தொடங்கியதும் அமெரிக்கக் கிழக்குக் கரைப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் ஃப்ளோரிடா நினைப்புதான். அக்டோபர் பிற்பகுதியில் உட்கரை நீர்வழியில் தெற்கு நோக்கி வரிசையாகப் படகுகள் போகும். அவற்றில் பெரும்பாலானவை தென் கரோலினாவின் வாக்கமா ஆற்றை எரிபொருள் நிரப்பும் இடமாகவும் இரவு தங்கும் இடமாகவும் மட்டுமே பார்த்துக் கடந்துவிடுகின்றன. அப்படிக் கடந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அங்கே ஒரு முழு நாளைக் கொடுங்கள்.

இந்த நீர்வழியை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. வர்ஜீனியாவில் உள்ள நார்ஃபோக் துறைமுகம்தான் பூஜ்ய மைல். அங்கிருந்து மயாமி ஏறக்குறைய 1,090 மைல்; கடல் மைல் அல்ல, சாலையில் அளக்கும் மைல். ஆறுகள், கழிமுகங்கள், உப்பங்கழிகள், இவற்றை இணைக்க வெட்டிய கால்வாய்கள் ஆகியவற்றைக் கோத்து, திறந்த கடலுக்குள் போகாமலே கரையோரமாகத் தெற்கே இறங்க வழி செய்திருக்கிறார்கள். ராணுவப் பொறியாளர் படையின் பராமரிப்பில் இருக்கிறது. வர்ஜீனியாவிலிருந்து ஃப்ளோரிடாவின் நடுப்பகுதி வரை 12 அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டக் கணக்கு. தூர்வாரப் பணம் ஒதுக்கப்படாத இடங்களில் அதில் பாதிகூட இருக்காது. தொடர் முழுமை பெற்றது 1936இல்; கடைசியாக வெட்டி இணைத்த துண்டு மர்ட்டில் பீச்சுக்குப் பின்புறம் ஓடும் கால்வாய். நான் சொல்லப்போகும் நாள் அந்தத் துண்டில்தான் தொடங்குகிறது.

எங்கள் படகு 36 அடி. நீருக்குக் கீழே அடிக்கட்டை நாலே முக்கால் அடி இறங்கும். பாய்மர உச்சி நீருக்கு மேலே 53 அடி. இந்த நீர்வழியில் படகு வைத்திருப்பவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய எண்கள் இவை இரண்டும்தான். நிலையான பாலங்களுக்கு 65 அடி உயரம் என்பது பொது விதி. மயாமியில் ஒரு பாலம் மட்டும் 56 அடி. அதனால் உயரமான பாய்மரம் உள்ளவர்கள் அந்த இடத்தில் கடலுக்குள் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும்.

அக்டோபர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க ஏழரை மணியாகிவிடும். வெளிச்சம் பரவத் தொடங்கியதுமே லிட்டில் ரிவரில் நங்கூரத்தை எடுத்துவிட்டோம். முதல் வேலை சுழல் பாலத்தைத் திறக்கச் சொல்வது. வட கரோலினா வரை பாலக்காரரை வானொலியில் 13ஆம் அலைவரிசையில் அழைக்க வேண்டும். தென் கரோலினா எல்லைக்குள் வந்துவிட்டால் 9. படகின் பெயர், எந்தத் திசையில் போகிறோம், என்ன வேண்டும் என்று மூன்றே செய்திகள். பாலத்தின் நடுத்துண்டு தன் அச்சில் மெதுவாகத் திரும்பும். இருபுறமும் கார்கள் நிற்கும். கடந்ததும் நன்றி சொல்லிவிட்டு, பின்னால் இன்னொரு பாய்மரப் படகு வருகிறது என்றால் அதையும் சொல்லிவிடுவது மரியாதை.

அதன் பிறகு பாறைக் கால்வாய். 'ராக் பைல்' என்பார்கள். 1930களில் பாறையை உடைத்து வெட்டிய பகுதி. மற்ற இடங்களில் தடம் தவறினால் சேற்றில் செருகி நிற்போம், ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், வந்தால் மீண்டுவிடலாம். இங்கே ஓரத்தில் இருப்பது பாறை விளிம்பு. நீர் வற்றியிருக்கும்போது கன்னங்கரேலென்று பல் பல்லாக வெளியே தெரியும். ஏறியிருக்கும்போது ஒன்றுமே தெரியாது, அதுதான் ஆபத்து. நுழையும் முன் 16ஆம் அலைவரிசையில் பொது அறிவிப்பு கொடுத்தோம்: பாய்மரப் படகு தெற்கு நோக்கி நுழைகிறது, எதிரே சரக்குத் தோணி எதுவும் வருகிறதா என்று. பதில் இல்லை. நடுத்தடத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். என் கணவர் சுக்கானில், நான் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று மிதக்கும் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த பல மைல்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கோல்ஃப் மைதானங்கள், அடுக்குமாடிகள், வீட்டுக்கு வீடு ஒரு படகுத்துறை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கால்வாயின் கரைகள் அதை மறைத்துவிடும். எஞ்சின்தான் ஓடுகிறது.

சோகாஸ்டி சுழல் பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில், எண்டர்பிரைஸ் என்ற இடத்தில், கால்வாய் முடிந்து வாக்கமா ஆறு தொடங்குகிறது. திடீரென்று வீடுகள் இல்லை. ஆறு அகன்று வளைந்து போகிறது. இரு கரையிலும் சைப்ரஸ் மரங்கள், அடி பெருத்து நீருக்குள்ளேயே நிற்கின்றன. இலையுதிர்காலத்தில் அவை துரு நிறத்துக்கு மாறும். கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசிக் கொத்துகள் முழநீளத்துக்குத் தொங்கும். தண்ணீர் கடுந்தேயிலைச் சாற்றின் நிறம். அழுக்கல்ல, சதுப்புக் காட்டு இலைகளிலும் பட்டைகளிலும் இருந்து இறங்கும் டானின். வெள்ளைப் படகுகளின் அணியத்தில் அது பழுப்புக் கறையாகப் படியும். 'மீசை' என்று படகுக்காரர்கள் சொல்வது அதைத்தான்.

கரை வரைக்கும் ஆழம். தடம் தவறிவிடுவோமோ என்ற பயம் இங்கே தேவையில்லை. வடகிழக்குக் காற்று எங்களுக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு முன்பாயை மட்டும் விரித்தோம். வற்றும் நீரோட்டமும் சேர்ந்து தள்ள, நாலரை நாட் (மணிக்கு நாலரை கடல் மைல்) வேகத்தில் சத்தமில்லாமல் போனோம். மரத்தில் மரங்கொத்தி கொத்துவது ஆற்றின் நடுவில் கேட்டது. தடக்குறிக் கம்பங்களின் உச்சியில் விராலடிப்பான் என்னும் மீன்பிடிக் கழுகு கட்டிய பெரிய சுள்ளிக் கூடுகள். பறவைகள் தெற்கே போய்விட்டதால் பெரும்பாலும் காலியாக இருந்தன.

வலப்புறம் நீண்டு கிடப்பது சாண்டி தீவு. வாக்கமாவுக்கும் பீடீ ஆற்றுக்கும் நடுவில் உள்ள இந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. அடிமைத்தனம் முடிந்த பின் விடுதலை பெற்றவர்கள் சொந்தமாக நிலம் வாங்கிக் குடியமர்ந்த ஊர் அங்கே இருக்கிறது; அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த இவர்களைக் கல்லா (Gullah) மக்கள் என்பார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பேருந்துக்குப் பதில் பல ஆண்டுகளாக அரசுப் படகுதான் ஓடியது. 1990களில் பாலம் கட்டும் திட்டம் ஒன்று வந்தபோது ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் தீவின் பெரும்பகுதியை மாநிலமே வாங்கிக் காப்புநிலமாக்கியது.

தீவின் தென்கோடியில் தரோஃபேர் கிரீக் என்ற சிற்றாற்றில் பிற்பகல் நங்கூரம் போட்டோம். 42 மைல் ஆகியிருந்தது. இனி நான் சொல்ல வந்ததன் மையம்.

வாக்கமாவின் கீழ்ப்பகுதியில் கரையோரம் உற்றுப் பாருங்கள். இயற்கையான ஆற்றங்கரை இவ்வளவு நேராக இருக்காது. புல் மூடிய நீண்ட வரப்புகள். இடையிடையே செங்கோணத்தில் உள்ளே போகும் வாய்க்கால்கள். இவை நெல்வயல்கள். கைவிடப்பட்டு நூறாண்டுக்கு மேல் ஆகியும் வரப்பு நிற்கிறது.

சிறு படகை இறக்கி, நீர் வற்றியிருந்த நேரத்தில் ஒரு வரப்பின் உடைப்புக்கு அருகே போனோம். சேற்றில் பாதி புதைந்து கிடந்தன தடித்த சைப்ரஸ் பலகைகள். அவற்றைக் கோத்த மரமுளைகள் அப்படியே இருந்தன. மதகின் மிச்சம். ஆற்றுப் பக்கம் ஒரு கதவு, வயல் பக்கம் ஒரு கதவு, நடுவே நீண்ட மரப்பெட்டி, அதுதான் அமைப்பு. கடல் ஓதம் ஏறும்போது உப்புநீர் இவ்வளவு தூரம் வருவதில்லை, ஆனால் அது ஆற்றின் நன்னீரை மேலே தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்கினால் வயல் நிறையும். ஓதம் இறங்கத் தொடங்கியதும் உள்கதவு தண்ணீரின் அழுத்தத்தாலேயே மூடி நீரைத் தேக்கும். வடிக்க வேண்டுமானால் ஓதம் வற்றும்போது இதையே மாற்றிச் செய்ய வேண்டும். ஏற்றமில்லை, இறைப்பில்லை. நிலவின் இழுப்பிலேயே பாசனம்.

இதைக் கட்டியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களில் பலர் நெல் விளையும் கடற்கரைகளைச் சேர்ந்தவர்கள். சதுப்பில் நெல் வைப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, மண்வெட்டியால் மண்ணை அள்ளிப் போட்டு உயர்த்தியவை இந்த மைல் கணக்கான வரப்புகள். 1840வாக்கில் அமெரிக்காவில் விளைந்த நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த ஜார்ஜ்டவுன் வட்டாரத்திலிருந்து வந்தது. இடக்கரையில் இன்று சிற்பப் பூங்காவாக இருக்கும் புரூக்கிரீன் அப்போது பண்ணை. அதன் உரிமையாளர் ஜோஷுவா ஜான் வார்ட் 1850இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைத் தன் சொத்தாக வைத்திருந்தார்.

காரில் போனால் நெடுஞ்சாலை 17இலிருந்து இது தெரியாது. விசைப்படகில் 25 நாட்டில் போனால் பச்சைக் கரை என்று மட்டும் தெரியும். ஐந்து நாட்டில் போகிறவருக்குத்தான் வரப்பும் வாய்க்காலும் கண்ணில் படும்.

---

சுக்கான்பிடி எழுதியது:

அருமையான பதிவு, சகோதரி. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். உட்கரை நீர்வழியில் போவதைப் பாய்மரப் பயணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எஞ்சின் ஓடினால், பாய் விரித்திருந்தாலும் சட்டப்படி அது மோட்டார் படகு. முன்னுரிமைகூட கிடையாது. நான் கேப் ஃபியர் முகத்துவாரத்தில் வெளியேறி நேரே சார்ல்ஸ்டன் போய்விடுவேன். ஒரு பகல், ஓர் இரவு. பாலம் இல்லை, பாறை இல்லை, தரை தட்டும் கவலை இல்லை. இரவில் நட்சத்திரங்களை வைத்துச் சுக்கான் பிடிக்கும்போது கிடைக்கும் நிறைவை எந்தக் கால்வாயும் தராது. பாய்மரம் கடலுக்காக உண்டானது.

---

புதுப்பயணி எழுதியது:

இரண்டு பேரும் இதைத் தெளிவாக்க வேண்டும். கடலில் போய் அனுபவமில்லாத நாங்கள் இரண்டு பேர், 30 அடி வாடகைப் படகில் இந்தப் பகுதியில் போகலாமா? கழிவறை, தண்ணீர், டீசல் போன்றவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

கழிமுகத்தாள் எழுதியது:

@சுக்கான்பிடி அண்ணா, கடல் வழி எனக்கும் பிடிக்கும். வானிலை இடம் கொடுத்தால் நாங்களும் வெளியே போவதுண்டு. ஆனால் வெளியே போகிறவர் சார்ல்ஸ்டனைப் பார்ப்பார், வாக்கமாவைப் பார்க்க மாட்டார். கரையிலிருந்து விலகிப் போகிற பயணம் ஒன்று, கரைக்குள்ளே போகிற பயணம் இன்னொன்று. அடிக்கட்டை, ஓதக் கணக்கு, நீரோட்டத்தில் பாலத்துக்கு முன் படகை நிறுத்தி வைப்பது, குறுகிய சிற்றாற்றில் நங்கூரம் போடுவது எல்லாமே மாலுமியின் தேர்ச்சியைக் கேட்கும் வேலைகள். கடலில் ஆழத்தை மறந்துவிட்டு மணிக்கணக்கில் போகலாம். இங்கே ஒரு நிமிடம்கூட மறக்க முடியாது.

@புதுப்பயணி, வாக்கமா பகுதிக்குத் தாராளமாகப் போகலாம். நீர்வழியிலேயே மிகவும் இளக்கமான ஆற்றுப் பகுதி அதுதான். ஆனால் பாறைக் கால்வாயைத் தவிர்த்து, பக்ஸ்போர்ட் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் எஞ்சின் மணிக்கு முக்கால் கேலனுக்கும் குறைவாகத்தான் டீசல் குடிக்கிறது. கழிவறைக் கழிவைச் சுத்திகரிக்காமல் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் வெளியே விடுவது சட்டவிரோதம். படகில் தொட்டி இருக்கும், படகுத்துறைகளில் உறிஞ்சி எடுப்பார்கள். குடிதண்ணீரை முதல் நாளே நிரப்பிக்கொள்ளுங்கள். இழுவைப் படகுச் சந்தா கட்டாமல் கிளம்பாதீர்கள். அது இருந்தால் தரைதட்டினாலும் தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் பெருந்தொகை கேட்பார்கள்.

---

மதகடி எழுதியது:

அக்கா, நான் படகுக்காரன் இல்லை. திருவாரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த மதகைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் ஆற்றுத் தண்ணீர் மேலிருந்து கீழாகத்தான் வரும். மேட்டூர் திறந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதற்கு நேர்மாறாக, கீழேயிருந்து கடல் நாளுக்கு இரண்டு முறை தூக்கிக் கொடுக்கிற நன்னீரை வயலில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்! களை முளைத்தால் முழுக்கத் தண்ணீர் கட்டி மூழ்கடித்துவிடலாம், வேண்டும்போது வடித்துவிடலாம். கடைமடைக்காரன் கனவு காணும் ஏற்பாடு அது. ஆனால் ஒரு ஐயம். மழை குறைந்த ஆண்டில் ஆற்றில் நன்னீர் குறைந்தால் உப்பு மேலே ஏறிவிடாதா? எங்கள் வேதாரண்யம் பக்கம் அதுதான் தீராத தொல்லை.

---

கழிமுகத்தாள் எழுதியது:

@மதகடி தம்பி, சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். உப்பு ஏறும். அதனால்தான் கடலுக்கு மிக அருகிலும் வயல் கிடையாது, ஓதம் எட்டாத மேல்பகுதியிலும் கிடையாது. இடைப்பட்ட சில மைல் நீளத்துக்கு மட்டும்தான். மதகைத் திறக்கும் முன் தண்ணீரைச் சோதித்து, எப்போது திறப்பது என்று முடிவு செய்ய ஒரு பொறுப்பாளி இருப்பார். அவரும் அடிமையாக வைக்கப்பட்டவர்தான். விளைச்சல் முழுவதும் அவருடைய கணிப்பில் நின்றது.

புயல் வந்தால் ஒரே இரவில் வரப்பு உடைந்து உப்புநீர் புகுந்துவிடும். அடிமைமுறை ஒழிந்த பிறகு அந்த அளவுக்கு மண்வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. லூசியானா, டெக்சாஸ் பக்கத்து இயந்திரச் சாகுபடியோடு போட்டி போட முடியவில்லை. 1893, 1911 ஆண்டுகளின் புயல்கள் மிச்சத்தை முடித்துவைத்தன.

வயலில் ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை என்று கால் ஏக்கர் அளந்து விடுவார்கள். முழங்கால் சேற்றில் நின்று களை கொத்த வேண்டும், மலேரியா, பாம்பு. பண்ணைக் குழந்தைகளில் பெருமளவு வளரும் முன்பே இறந்தன. அறுவடைக்குப் பின் உரலில் உலக்கையால் குத்தி, புல்லால் முடைந்த அகலத் தட்டில் புடைத்தார்கள். அந்தத் தட்டை ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தபோது என் அம்மா வீட்டு முறம் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் சார்ல்ஸ்டன் அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் கல்லாப் பெண்கள் அதே முடைச்சலில் கூடை விற்கிறார்கள்.

---

ஜோகூர்வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டனாரும் பாட்டியும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். கங்காணி அழைத்து வந்த கூட்டம். அந்தத் தோட்டங்களில் சில இன்று பொழுதுபோக்கு இடங்களாகிவிட்டன. காலை மூடுபனியில் மரவரிசையைப் படம் எடுத்து 'எவ்வளவு அமைதி' என்று எழுதுகிறார்கள். அந்த வரிசையில் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எங்கள் முன்னோர் பட்டதும் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் பட்டதும் ஒன்றல்ல என்பதை அறிவேன். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஏலம் போட்ட கொடுமைக்கு இணை வைக்க நான் வரவில்லை. ஆனால் அழகான நிலத்தைப் பார்க்கும்போது அதைத் திருத்தியவர் யார் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு வீட்டிலிருந்தே வந்தது. அந்தக் கேள்வியைப் படகுப் பயணப் பதிவு ஒன்றில் பார்த்ததற்கு என் வணக்கம்.

---

சுக்கான்பிடி எழுதியது:

சகோதரி, மதகு பற்றிய உங்கள் பதில்களைப் படித்த பிறகு அந்த ஆற்றை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 'பாய்மரம் கடலுக்காக உண்டானது' என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அடுத்த முறை தெற்கே இறங்கும்போது வின்யா விரிகுடா வழியாக உள்ளே வந்து, ஜார்ஜ்டவுனிலிருந்து ஆற்றில் ஏறிப் பார்க்கிறேன். கடலிலிருந்தும் வரலாம் என்பதைப் புதியவர்களும் குறித்துக்கொள்ளட்டும்.

அப்படி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீர்வழியில் தெற்கே போகும்போது சிவப்புத் தடக்குறி வலப்புறம், அதாவது நிலத்தின் பக்கம் இருக்கும், பச்சை இடப்புறம். வின்யா விரிகுடாவில் நீர்வழி கப்பல் தடத்தோடு சேர்கிறது. அங்கே கடலிலிருந்து உள்ளே வரும் கப்பலுக்காக நிறம் மாறி நிற்கும். குழம்பாமலிருக்க ஒரே வழி, குறியின் மேலுள்ள சிறிய மஞ்சள் அடையாளம். தெற்கே போகிறவருக்கு மஞ்சள் முக்கோணம் எப்போதும் வலப்புறம், மஞ்சள் சதுரம் எப்போதும் இடப்புறம். அது எந்த நிறக் கம்பத்தில் இருந்தாலும் சரி. விரிகுடாவில் நீரோட்டமும் கடுமை. காற்றும் வற்றும் நீரும் எதிரெதிராக மோதினால் அலை செங்குத்தாக எழும்பும்.

---

எண்ணூரான் எழுதியது:

படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. நம்மிடமும் ஓர் உட்கரை நீர்வழி இருந்ததே!

பக்கிங்காம் கால்வாய் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தோண்டத் தொடங்கியது. பிறகு பழவேற்காடு, ஆந்திரக் கடற்கரை என்று வடக்கே நீண்டது. தெற்கே மரக்காணம் வரை போனது. 1877, 78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துவைத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் ஆளுநராக இருந்தவரின் பெயரைத்தான் கால்வாய்க்குச் சூட்டினார்கள், மண் சுமந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய தோணிகள் பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் வந்தன. எங்கள் தாத்தா தோணியில் சவுக்குக் கட்டை வந்ததைப் பார்த்திருக்கிறார்.

1960களின் புயல்கள் சேதப்படுத்தின. பின்பு கவனிக்க ஆளில்லை. சென்னைக்குள் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 2008இல் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதி என்று அறிவித்தார்கள். இன்று போய்ப் பாருங்கள், சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான். 2004 சுனாமியின்போது கரையோர ஊர்களில் அலையின் வேகத்தை அந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டு பலரைக் காப்பாற்றியது. அப்படியும் யாருக்கும் உறைக்கவில்லை.

அமெரிக்காவில் மட்டும் எப்படி நிலைத்தது, கழிமுகத்தாள்?

---

கழிமுகத்தாள் எழுதியது:

@எண்ணூரான் ஐயா, இங்கேயும் தானாக நிலைத்துவிடவில்லை. சரக்கு எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்கள். சரக்குத் தோணிகள் குறைந்த ஜார்ஜியா போன்ற பகுதிகளில் நீர்வழி மேடிட்டுப் போகிறது. ஆறேழு அடி, சில இடங்களில் அதற்கு மேலும் ஏறி இறங்கும் ஓதத்தைக் கணக்கிட்டுத்தான் அங்கே கடக்க முடிகிறது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பற்றி அக்கறை இருக்கிறது. ஆழம் குறைந்தால் மீனவரும் படகுத்துறைக்காரரும் பயணிகளும் சேர்ந்து மாநில அலுவலகங்களில் போய் நிற்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயில் தெளிந்த தண்ணீர் ஓடி, ஒரு தலைமுறை அதில் படகோட்டி வளர்ந்தால் அதைக் கேட்க ஆள் வருவார்கள் என்று நான் நம்புகிறேன். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி, முட்டுக்காடு போன்ற இடங்களில் இன்னும் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

---

புதுப்பயணி எழுதியது:

ஒரு குறை. போன ஆண்டு நண்பர் ஒருவரின் சிறிய பாய்மரப் படகில் போனபோது, பெரிய விசைப்படகு ஒன்று எங்களை உரசுவது போலக் கடந்து போனது. எழுந்த அலையில் படகு இரு பக்கமும் சாய்ந்து ஆடி, அடுப்பிலிருந்த பாத்திரம் பறந்து விழுந்தது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. இதற்கு விதி ஏதும் கிடையாதா?

---

சுக்கான்பிடி எழுதியது:

உண்டு. தன் படகின் அலையால் ஏற்படும் சேதத்துக்கு ஓட்டுகிறவரே பொறுப்பு. ஆனால் நடைமுறையில் இரு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். பின்னால் வருகிறவர் வானொலியில் அழைத்து, மெதுவாகக் கடக்கிறேன் என்பார். 'ஒன்று' என்றால் உங்கள் வலப்புறமாக, 'இரண்டு' என்றால் இடப்புறமாக; ஊதல் ஒலியின் எண்ணிக்கை அது. அப்போது நீங்கள் செய்ய வேண்டியது எஞ்சினைத் தணிப்பது. நீங்கள் ஆறு நாட்டில் போய்க்கொண்டே இருந்தால் அவர் உங்களைக் கடக்க எட்டு நாட்டாவது வேண்டும். அந்த வேகத்தில்தான் பெரிய விசைப்படகின் அலை மிகவும் உயரும். நீங்கள் மூன்றுக்கு இறங்கினால் அவர் ஐந்தில் கடந்துவிடுவார், தேநீர்கூடத் தளும்பாது. அழைக்காமலே பாய்ந்து போகிறவர் வந்தால், அலை உங்களை அடையும் நேரத்தில் அணியத்தை அதை நோக்கிச் சற்றுத் திருப்புங்கள். பக்கவாட்டில் வாங்காதீர்கள்.

---

மதகடி எழுதியது:

அக்கா, அங்கே எந்த மாதம் போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம்? மனைவியும் நானும் அட்லாண்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வரப்போகிறோம். படகு ஓட்டத் தெரியாதவர்களுக்கு வழி உண்டா?

---

கழிமுகத்தாள் எழுதியது:

உண்டு தம்பி. ஏப்ரலில் வாருங்கள். சைப்ரஸ் துளிர்த்திருக்கும். அக்டோபரில் நாங்கள் பார்த்த காலிக் கூடுகளில் விராலடிப்பான் குஞ்சுகளுக்கு மீன் கொண்டுவந்துகொண்டிருக்கும். பிளந்த வாலுள்ள பருந்து தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருக்கும். ஆற்றங்கரையில் பல இடங்கள் வனவிலங்குக் காப்பகம் என்பதால் பார்க்க நிறைய உண்டு. மே பிறந்துவிட்டால் கொசுவும் கடிஈயும் தாங்காது.

புரூக்கிரீன் தோட்டத்திலேயே சிற்றாறுகளில் சுற்றிக் காட்டும் படகு உண்டு; பழைய நெல்வயல்களின் ஓரமாகப் போகும். அங்குள்ள கல்லா மக்களின் வரலாற்றுக் கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஜார்ஜ்டவுனில் பழைய சந்தைக் கட்டடத்தில் நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அங்குள்ள மதகு மாதிரி, எங்களுக்குத் தெரிவதைவிட அதிகம் தெரியும்.

@புதுப்பயணி, நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சிற்றாறுகளில் நங்கூரம் போடுவது பற்றி இன்னும் இரண்டு செய்திகள். கரைக்கு அருகேயும் 15, 20 அடி ஆழம் இருக்கும். அதில் ஐந்து மடங்காவது சங்கிலியும் கயிறும் விட வேண்டும். இரவில் ஓதம் திரும்பும்போது படகு நேர் எதிர்த்திசைக்கு மாறும், அப்போதும் மரக்கிளை பாய்மரத்தில் மாட்டாத அளவுக்கு இடம் விடுங்கள். அடியில் பழைய சைப்ரஸ் வேர்கள் கிடக்கும். நங்கூரத்தின் கொக்கிப் பக்கத்தில் தனியாக ஒரு கயிறு கட்டி, மிதவையோடு விட்டுவிட்டால், காலையில் மாட்டிக்கொண்டாலும் பின்பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம். உச்சியில் நங்கூர விளக்கை எரிய விடுங்கள், உள்ளூர் மீனவர்கள் இருட்டில் வேகமாக வருவார்கள். சிறு படகில் போகும்போது கையைத் தண்ணீரில் விடாதீர்கள். அலிகேட்டர்கள் கரையோரம் படுத்திருக்கும்.